ஒரு அமுக்குக்கு ரெண்டு மிட்டாய்

போடியிலிருந்து குரங்கணிக்குப் போகும் பஸ்சில் எனக்கு முன்சீட்டில் தோழிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாம செஞ்ச கையடக்க டப்பா இன்னமும் ரெண்டு ரெண்டாத்தான்டி மிட்டாயத் துப்புது," என்றாள் ஒருத்தி.

"நம்ம காலேஜ் புராஜெக்டா? இன்னுமா வச்சிருக்க?" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"ஒரு அமுக்குக்கு ஒண்ணுன்னுதானே டிசைன் பண்ணோம். மார்க்கு போட வந்த சாரு கையில ரெண்டு விழுந்து மானம் போச்சு."

"நீ அழுதுட்ட. பெறகு ஆளுக்கொண்ணு தின்னுட்டு சிரிச்சுக்கிட்டே பஸ்சேறுனோம்."

"போன மாசம் ஸ்பிரிங்க மாத்துனேன். சரியா ஒண்ணுதான் விழுந்துச்சு. நல்லாவே இல்லடி. பழசையே மாட்டிட்டேன்."

ஜன்னலோரத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வாரம் துபாய்க்குப் போறேன்டி. அந்த டப்பாவ எனக்குக் குடுத்துரு."

"தர மாட்டேன். ஊருக்கு வந்து தின்னுட்டுப் போ."