வெட்டு வலப்பக்கம் மேலே

தாள் ஃபிலிமை, கேமராவின் பின்புறம் செருகும் ஹோல்டர் என்னும் சட்டத்தில் ஏற்றுவது கடினமான காரியம் அன்று என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன், ஆய்வாளர் அவர்களே. முழு இருட்டில் தாளை நெடுவாக்கில் பிடிக்க வேண்டும். மூலையிலுள்ள சிறு வெட்டுகள் வலப்பக்கம் மேலே விரலில் தட்டுப்பட்டால், ரசாயனம் பூசிய முகம் நம்மைப் பார்க்கிறது என்று பொருள். ஒரு குழந்தைக்கும் விளங்கும்.

வெர்னா பிங்கம் எங்கள் பர்னி ஊரில் ஓர் அடுமனையில், சிப்பிக்கறியை மாவில் பொதிந்து 'பை' என்னும் பண்டம் சுடுபவர். ஐம்பத்தெட்டாம் வயதில் பழைய மரக் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கள் புகைப்படச் சங்கத்தில் சேர்ந்தார். சங்கக் கூடத்தின் நடுச்சுவரில் பத்தொன்பது ஆண்டுகளாக நான் எடுத்த படம் இருக்கிறது: கிரேடில் மலையில், தென்கோளத்து மே மாத இலையுதிர்காலத்தில் மஞ்சளான ஃபேகஸ் மரங்கள். ஜூன் மாத வாக்கெடுப்பில் அதைவிடச் சிறந்த படம் வந்தால் என் படத்தைக் கழற்றிவிடுவார்கள்.

"நானும் அதே மரத்தத்தான் எடுக்கப்போறேன், வாத்தியாரே. உன் படத்த எறக்குற அன்னிக்கு ஒரு பை ஓசியில தர்றேன், அழாத," என்றார் வெர்னா. அனைவரும் சிரித்தனர். நாகரிகம் கருதி நானும் சிரித்தேன். அவருடைய கேமராவில் காட்சி தெரியும் பின்கண்ணாடியில் ஒருமுறை குனிந்து பார்த்திருந்தேன். காட்சியை அமைத்த விதம் மோசமில்லை.

ஃபிலிம் ஏற்றக் கற்றுத்தருமாறு அவரே கேட்டார். வெட்டு இடப்பக்கம் மேலே வரவேண்டும் என்று கற்பித்தேன். அவ்வாறு ஏற்றினால் ஒளி பின்பக்கச் சாயத்தைக் கடந்தே வர வேண்டும். படம் ஆவிபோல் வெளிறிவிடும். கழுவித் தருபவனும் நானே என்பதால் காரணம் அவருக்குத் தெரியவில்லை. இருமுறை மலையேறினார். இருமுறையும் ஆவிகளே கிடைத்தன.

"வெயில் சாஞ்சு அந்தச் சரிவுல விழுறது நாலு மணிக்குத்தான். அதுவரைக்கும் காத்திருக்கணும்," என்றேன்.

"பெட்டிக்குள்ள இருந்த தாளுல வெட்டு வலப்பக்கம்னு படம் போட்டிருக்கே, கிளைவ்?"

"அது பின்னால இருந்து பாத்து வரைஞ்சது, வெர்னா."

"சரிப்பா. வேதியியல் வாத்தியார்கிட்ட பை சுடுறவ வாதாடலாமா."

மே இரண்டாம் வாரம் மூன்றாம் முறையாகப் புறப்பட்டார். இலைகள் உதிர ஓரிரு நாள்களே இருந்தன. கிளம்பும் முன் தொலைபேசியில், "மேல எப்படி இருக்கும்?" என்று கேட்டார். பிற்பகலில் கடும் பனிப்பொழிவு என்ற அறிவிப்பு என் மேசைமேல் இருந்தது. "அருமையா இருக்கும். நாலு மணி வரைக்கும் நகராதீங்க," என்றேன்.

நான்காம் நாள் உடலைக் கண்டெடுத்தார்கள். கேமராவின்மேல் தன் மேலங்கியைப் போர்த்தியிருந்தாராம். அறிவுள்ளவர் தானே அணிந்திருப்பார்.

ஊரில் வேறு எவருக்கும் கழுவத் தெரியாததால் ஹோல்டர்களைத் தங்கள் துறையினர் என்னிடமே கொடுத்தனர். தவறாக ஏற்றப்பட்டவை, படமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது உண்மையன்று. எல்லாம் சரியாகவே ஏற்றப்பட்டிருந்தன; படமும் விழுந்திருந்தது. என் மனம் நோகக்கூடாதென்று தலையாட்டிவிட்டு, பெட்டியிலிருந்த தாளை நம்பியிருக்கிறார். அதாவது, நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று எண்ணியிருக்கிறார். பொய் சொல்வேன் என்று எண்ணவில்லை. ஆகவே நான்கு மணி வரை நகரவில்லை. இத்தகையவர்களுக்குக் கற்பிப்பது வீண்.

அவர் திரும்பி வரமாட்டார் என்று தெரிந்தே அனுப்பினேன். அதற்குத் தாங்கள் எப்பெயர் எழுதினாலும் கையொப்பமிடுகிறேன். அவர் எடுத்த படத்தைப் பற்றிய என் கருத்தை மட்டும் தயவுசெய்து பதிவு செய்ய வேண்டுகிறேன்: அது சுமாரான படம். அதை உறுதி செய்துகொள்ளவே இதுவரை பதினோரு பிரதிகள் எடுத்திருக்கிறேன்.