நாலாவது குழி

பகல் ஒன்றேகால் மணி. ஆமாம், பகல்தான். சிரிக்கிறவன் எழுந்து வெளியே போய் உட்காரலாம்... பேய்க்கு நேரம் குறித்துக் கொடுத்தது யார்?

புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே ஒரு மண் ரோடு. இரண்டு பக்கமும் எல்லைக் கற்கள்தான், பேருக்கு ஒரு மரம் கிடையாது. அதன் கடைசி மனையில் என் நண்பனுடைய சித்திக்கு வீடு கட்டினார்கள். கட்டியது வேறு யாருமில்லை, சித்தியின் கூடப்பிறந்த அண்ணன். நண்பனுக்கு மாமா. பெரிய காண்ட்ராக்டர், தனிக்கட்டை.

அங்கே தூண்களுக்குக் குழி வெட்டுகிறவரைக் ‘கடப்பாரை’ என்றுதான் கூப்பிடுவார்கள். சுண்ணாம்புப் பொடியால் தரையில் சதுரம் போடுவார். வெட்டுவார். கடைசியில் அடியில் கடப்பாரையைத் தூக்கிப் போட்டுக் காது கொடுப்பார். ‘ணங்’ என்றால் கெட்டித் தரை, தூண் நிற்கும். ‘தொப்’ என்றால் இன்னும் ஆழம் போகவேண்டும்.

மூன்று மூலையில் ஐந்தடியிலேயே ‘ணங்’. நாலாவது, சமையலறை மூலை. அங்கே ‘தொப்’.

“சார், இது ஏதோ பழைய குட்டையை ரொப்பின மண்ணு. இன்னும் ஆழம் போகணும்.”

“யோவ், காலையில கான்கிரீட் வண்டி வருது. வெட்டினது போதும், ஏறி வா.”

“உங்க தங்கச்சி வீடு சார். பிள்ளைங்க இருக்கப்போற வீடு.”

“என் தங்கச்சியை நான் பாத்துக்கிறேன். நீ உன் வேலையைப் பாரு.”

அவர் தன் வேலையைத்தான் பார்த்தார். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் தனியாக இறங்கித் தோண்டியிருக்கிறார். ஒன்றேகாலுக்குப் பக்கவாட்டு மண் சரிந்தது...

உடலை எடுத்தார்கள். அவர் கையிலிருந்த கடப்பாரை கிடைக்கவில்லை, தேடவும் மாமா விடவில்லை. குழியை மறுபடி ஐந்தடிக்கு ரொப்பிச் சமப்படுத்தி, மறுநாள் காலை கான்கிரீட் போட்டுவிட்டார். தங்கையிடம், “பாவம், நெஞ்சு வலி” என்றார். கூசாமல் சொன்னார். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சித்தி குடிவந்த முதல் வாரமே ஆரம்பித்தது. பகல் ஒன்றேகால். சமையலறைத் தரைக்கு அடியில்... தொப். கொஞ்சம் விட்டு... தொப். கூடவே அழுகின சேற்று வாடை. சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல், விரல் நுழைகிற அகலம்.

சித்தி போன் செய்தாள். “அண்ணா, கீழ யாரோ தோண்டுறாங்க.”

“எலியா இருக்கும்.”

எலியாம் எலி! அதே வேளையில், பூட்டிக் கிடந்த மாமாவின் வீட்டுக் கூடத்தில் ஒரு சட்டி அளவு ஈரக் கறுப்பு மண் குவிந்து கிடக்கும். தினமும் ஒரு சட்டி. அவரும் தினமும் வாரிக் கொட்டினார். எந்த மண் என்று அவருக்கா தெரியாது? தங்கை பிள்ளைகளோடு அந்த மூலைக்குப் பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள், இந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

விரிசலில் கையே நுழைந்த அன்று, சித்தி நேரில் போய் அவரை இழுத்துவந்து சமையலறையில் நிறுத்தினாள். தொப்...  அப்போதுதான் மாமா எல்லாவற்றையும் கக்கினார்.

சித்தி அழவில்லை. “கூடப்பொறந்தவளுக்கே இப்படிச் செஞ்சியே, நீயெல்லாம் மனுஷனா?” என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தாள்.

“ஐயா... எங்களுக்காகத்தானே இறங்குனீங்க. இன்னும் எவ்வளவு ஆழங்க?”

தொப்... தொப்... வெகு நேரம். பிறகு அடி ஆழத்திலிருந்து...

ணங்.

அதோடு சரி. விரிசல் அதற்குப்பின் ஒரு நூல்கூட வளரவில்லை. சித்தி இன்றைக்கும் அங்கேதான் சமைக்கிறாள்.

தப்பித்தோம் என்று மாமா வீட்டுக்குப் போனார். பூட்டைத் திறந்தார். கூடத்தில் மண் இல்லை. நடுவில் கடப்பாரை நின்றுகொண்டிருந்தது, நுனி டைல்ஸுக்குள் இறங்கி. அதைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியில் கோடு. பொடி இன்னும் காற்றில் அடங்கவில்லை.

தூண் குழிக்குச் சதுரம்தான் போடுவார்கள். இது சதுரமில்லை. ஆறடிக்கு இரண்டடி.