வாராவாரம் ஒரு காரணம்

தாம்பரத்தில் கடற்கரை ரயில் கிளம்பக் காத்திருந்தது. எதிர் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள்.

“மனநல கவுன்சிலர்கிட்டன்னு வீட்ல சொல்லலக்கா. கண் டாக்டர்னு சொல்லிட்டுப் போனேன்” என்றார் இளையவர்.

“எப்படி இருந்துச்சு?”

“அவங்க அதிகம் பேசவே இல்ல. நான்தான் அழுது தீத்தேன். அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன். ஆனா வாராவாரம் வரச் சொல்றாங்க. வாராவாரம் கண் டாக்டர்னா மாமியார் நம்புவாங்களா? தெரிஞ்சா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல என் பேரைச் சொல்லி ஜெபம் பண்ண வச்சிடுவாங்க. நிறுத்திடலாம்னு பாக்கறேன்.”

“நிறுத்தாத. பல் டாக்டர்னு மாத்திக்கோ. ரூட் கெனால்னா எத்தனை தடவை போனாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

“அப்போ போன வருஷம் உங்களுக்கு நாலு பல்லு...”

“என் பல்லுக்கு ஒரு குறையும் இல்லடி” என்றார் மூத்தவர்.