‘நானும் பார்க்கவில்லை’ என்று ஒப்பமிட்ட எங்கள் கண்காணிப்பாளர் சவுரியப்பன் அவர்களுக்கு

கம்பைநல்லூர் தந்த கண்ணியமே, கோப்புகளுக்கு நடுவே குடியிருந்த குணக்குன்றே, முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் சுளிக்காது இக்கல்லூரி அலுவலகத்தை முன்நின்று நடத்திய முத்தே, அன்புக்கும் அதட்டலுக்கும் ஒரே குரல் வைத்திருக்கும் அரிய மனிதரே, கண்காணிப்பாளர் ம. சவுரியப்பன் அவர்களே, ஆசிரியரல்லாப் பணியாளர்கள் அறுவரும் எழுந்து நின்று தங்களை வணங்குகிறோம்.

இந்த நடையிலேயே நான்கு பக்கம் எழுதத்தான் தேர்வுப் பிரிவு நவநீதன் திட்டமிட்டிருந்தார். பொறுமையில் நிலம், பொழிவில் மழை என்று ஒரு பக்கம் எழுதி எங்களுக்குப் படித்தும் காட்டினார். அலுவலக உதவியாளர் பாஞ்சாலி கடைசிவரை கேட்டுவிட்டு, “இதையேதான போன வருசம் லைப்ரரி சாருக்கும் படிச்சீங்க” என்றார். அத்துடன் அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டது. தங்கள் நற்குணங்களை வரிசை போடும் வேலையை விட்டுவிட்டோம். தாங்கள் தொடங்கிய ஒரு நோட்டைப் பற்றியும், அந்த நோட்டினால் வேலையை இழக்கப் பார்த்த ஒருவரைப் பற்றியும் மட்டும் இங்கே சொல்கிறோம்.

அந்த நோட்டு பிறந்த கதை புதியவர்களுக்குத் தெரியாது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் தேர்வுப் பிரிவில் உதவியாளர். பெயர்ப்பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியபோது, மாலை வகுப்பு மாணவர்களின் பட்டியல் தனிக் கட்டாகப் போக வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியவில்லை. நாற்பத்தொரு பேருக்கு நுழைவுச்சீட்டு வரவில்லை. அந்த வேலையை அதுவரை பார்த்தவர் இரண்டு மாதம் முன்புதான் மாலையும் கழுத்துமாக ஓய்வுபெற்றுப் போயிருந்தார். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டீர்கள். “அது உனக்குத் தெரியும்னு நெனச்சேம்ப்பா” என்றார் அவர். பல்கலைக்கழகத்துக்கு மூன்று முறை பேருந்தில் அலைந்து, தேர்வுக்கு முதல் நாள் நாற்பத்தொரு சீட்டுகளையும் வாங்கி வந்தீர்கள். மறுநாளே சிவப்புத் துணி ஒட்டிய நீள நோட்டு ஒன்றை வாங்கி, நடந்ததை முதல் பக்கத்தில் எழுதி, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் எல்லோர் கைக்கும் எட்டும்படி வைத்தீர்கள்.

விதிகள் மூன்றே. தன் தப்பைத் தானே எழுத வேண்டும். அடுத்தவர் பெயரை இழுக்கக் கூடாது. எப்படிச் சரிசெய்தோம் என்பதைச் சேர்த்து எழுத வேண்டும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு, டீயும் போண்டாவும் வந்தபின் எழுதியவரே அதைப் படிப்பது வழக்கம். சொந்தத் தப்பைச் சொந்தக் கையால் எழுதி நாலு பேருக்குப் படித்துக் காட்ட யாருக்குத்தான் மனம் வரும்? ஆறு மாதம் தாங்கள் ஒருவரே எழுதினீர்கள். ‘இந்த மனுசன் இத்தனை தப்பா பண்றாரு’ என்று பாஞ்சாலிக்கே சந்தேகம் வந்தது. பிறகு பதிவறை சென்னப்பன் வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்று எழுதினார். அவர் எழுதியதன் கீழே மறுநாள் தங்கள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘நானும் பார்க்கவில்லை. ம.ச.’ அன்று முதல் யார் எழுதினாலும் கீழே அந்த ஒரு வரி வந்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களும் பேனாவைத் திறந்தோம்.

இனி தேவிப்பிரியாவுக்கு வருவோம். போன ஆண்டு சூன் மாதம். அவர் வேலையில் சேர்ந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் மேசை சென்னப்பனிடமிருந்து அவர் கைக்கு வந்து பத்து நாள். சன்னலுக்கு வெளியே நூறு பிள்ளைகள். “மா. மாதம்மாள், பி.எஸ்சி. கணக்கு” என்று கூப்பிட்டார். ஒரு பெண் வந்தாள், கையெழுத்துப் போட்டாள், பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள். நம் மாவட்டத்தில் மாதம்மாள் என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று நமக்குத் தெரியும். அந்த வகுப்பிலேயே இருவர் இருந்தார்கள். ஒருத்தி பாலக்கோடு, ஒருத்தி அரூர். இருவர் தகப்பனார் பெயரும் ‘மா’வில்தான் தொடங்கும். வாங்கிப்போனவள் பாலக்கோட்டுப் பெண். அவள் பையில் போனது அரூர்ப் பெண்ணின் சான்றிதழ்.

பி.எட். சேரப் போன இடத்தில், “இது உன்னுது இல்லம்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சேர்க்கைக்கு அன்றே கடைசி நாள். அழுதுகொண்டு வந்த பெண்ணைத் தாங்களே கூட்டிப்போய், சரியான சான்றிதழைக் காட்டி, மாலை ஐந்து மணிக்குள் சேர்த்துவிட்டுத்தான் வந்தீர்கள். ஆனாலும் அவளுடைய தகப்பனார் நிர்வாகத்துக்கு மனு எழுதிவிட்டார். அவர்மீது எங்களுக்கு வருத்தமில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்திருந்தால் நாங்களும் எழுதியிருப்போம்.

அன்று மாலையே தேவிப்பிரியா நோட்டை எடுத்து முக்கால் பக்கம் எழுதினார். யாரும் எழுதச் சொல்லவில்லை. மறுநாள் கீழே தங்கள் வரி வந்தது. அதற்கு அடுத்த வாரம் விசாரணை அலுவலர் வருவதாகக் கடிதமும் வந்தது. அப்போதுதான் தேவிப்பிரியா தன் பக்கத்தை மறுபடி படித்துப் பார்த்தார். தன் தப்பைத் தன் கையாலேயே எழுதி, நாள் போட்டு, பெயர் போட்டு வைத்திருக்கிறார். இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று மதியச் சோற்றைத் திறக்காமலே மூடி வைத்தார். “எழுதாம இருந்திருக்கலாங்க்கா” என்று பாஞ்சாலியிடம் சொல்லி அழுதார்.

பாஞ்சாலி நேராகத் தங்களிடம் வந்தார். “அந்த ஒரு பக்கத்தக் கிழிச்சுட்டா என்னங்க சார்? யாருக்குத் தெரியப்போவுது?”

“தைச்ச நோட்டும்மா. ஒரு தாளைக் கிழிச்சா அதுக்கு ஜோடித் தாளும் கழண்டு வந்துரும்” என்றீர்கள். அவ்வளவுதான். நாங்கள் உள்ளுக்குள் தங்களைத் திட்டினோம் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம். நோட்டைக் காப்பாற்ற ஒரு பெண்ணைக் காவு கொடுக்கிறாரே என்று நினைத்தோம்.

விசாரணை அன்று, கேட்பதற்கு முன்பே தாங்கள் நோட்டை எடுத்து அலுவலர் முன் வைத்தீர்கள். அவர் ஒன்றரை மணி நேரம் முதல் பக்கத்திலிருந்து படித்தார். சுவரோரம் நின்ற தேவிப்பிரியா அவர் பக்கம் புரட்டும்போதெல்லாம் எத்தனையாவது பக்கம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். தன் பக்கத்தைத் தாண்டி அவர் கை போனபோது மூச்சு விட்டாராம். கடைசியில் அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார்.

“எல்லாத் தப்புலயும் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்புறம் நான் யார் பேர எழுதறது?”

“கடைசியாப் பார்க்க வேண்டியவன் பேர எழுதுங்க சார். அது நான்தான்” என்றீர்கள். குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. தபாலில் கையெழுத்து வாங்குபவர் போலத்தான் சொன்னீர்கள்.

அப்படியே எழுதினார். தேவிப்பிரியா வேலையில் நிரந்தரமானார். கறை இல்லாத தங்கள் பணிப்பதிவேட்டில், ஓய்வுக்கு ஓராண்டு இருக்கையில், ‘கண்டனம்’ என்று ஒரு வரி ஏறியது. இதை மடலில் எழுதலாமா என்று கல்லூரி முதல்வர் அம்மாவிடம் கேட்டோம். “நடந்ததுதானே, எழுதுங்க” என்றார். தங்கள் பதிவேட்டில் எங்களுக்கு மிகப் பிடித்த வரி அதுதான்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை ஒன்று நடந்தது. தாங்கள் சென்னப்பனைப் பார்த்து, “இருபது வருசம் டி.சி. கொடுத்தீங்களே, ஒரு தடவைகூட மாறலியே, எப்படி?” என்று கேட்டீர்கள். சென்னப்பன் யோசித்தார். “அப்பா பேரு என்ன, எந்த ஊருன்னு கேட்டுட்டுத்தான் கொடுப்பேன். சும்மா பழக்கங்க. அது ஒரு வேலைன்னு எனக்கே தெரியாது” என்றார். தப்பு நேராததால் அது நோட்டில் ஏறவே இல்லை. பதினைந்து ஆண்டுகளாக எங்கள் தப்புகளைச் சேர்த்தோமே தவிர, தப்பாமல் போனதன் காரணத்தை யாரும் கேட்கவில்லை. அன்றே தாங்கள் நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்கினீர்கள். அங்கே முதல் வரி, சென்னப்பன் சொல்ல, தேவிப்பிரியா எழுதியது: ‘எந்தத் தாளையும் அப்பா பெயரும் ஊரும் கேட்காமல் கையில் கொடுக்கக் கூடாது.’ இந்த ஓராண்டில் பின்பக்கம் முப்பது தாள் நிறைந்துவிட்டது. மழைக்காலத்தில் எந்தப் பீரோவைத் திறந்து வைக்க வேண்டும் என்பதுவரை பாஞ்சாலி சொல்லி எழுத வைத்திருக்கிறார்.

ஐயா, தாங்கள் போவதில் எங்களுக்கு ஒரே ஒரு பயம் உண்டு. கடவுச்சொற்கள், சாவிகள், கோப்புகள் எல்லாம் ஒப்படைத்துவிட்டீர்கள். தங்களைக் கேட்காமலே நாளை அலுவலகம் நடக்கும். அப்படி நடக்க வேண்டும் என்றுதானே இத்தனை ஆண்டு பாடுபட்டீர்கள். ஆனால் நாளை ஒருவர் தன் தப்பை எழுதினால், அதன் கீழே அந்த ஒரு வரியை எழுதப்போவது யார்? அந்த வரி இல்லாவிட்டால் அடுத்த தப்பை யாரும் எழுதமாட்டார்கள். இதற்கு எங்களிடம் இன்னும் விடை இல்லை.

சொந்த ஊராம் கம்பைநல்லூர்ப் பேருந்தில் தங்களுக்கு என்றும் சன்னலோர இருக்கை கிடைக்கட்டும். மூட்டுவலி மறக்கட்டும், தூக்கம் நிறையட்டும், பேரப்பிள்ளைகளின் கையெழுத்தில் தங்கள் அழகு வரட்டும். நூறாண்டு கடந்தும் நல்ல உடலோடும் நிறைந்த மனத்தோடும் தாங்கள் வாழ்ந்திருக்க, கல்லூரி அலுவலகத்தின் அறுவரும் அவரவர் சாமியை வேண்டி நிற்கிறோம்.

என்றும் தங்கள்,
ஆசிரியரல்லாப் பணியாளர்கள்

*சட்டத்தைக் கழற்றி, அச்சுக்குக் கீழே கையால் எழுதிச் சேர்த்தது:*

இன்று காலை பதினொரு மணிக்கு இம்மடல் சட்டமிடப்பட்டுத் தருமபுரியிலிருந்து வந்தது. எந்தத் தாளையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்பது விதி. மடலும் ஒரு தாள்தான். ஆகவே தேவிப்பிரியா தங்கள் மேசைக்கு வந்து கேட்டார்.

“சார், உங்க அப்பா பேருங்க?”

“மரியதாசும்மா.”

“ஊருங்க?”

“பென்னாகரம்.”

“கம்பைநல்லூர் இல்லீங்களா?”

“அது வூட்டுக்காரம்மா ஊரு. சனிக்கெழமையானா மாமனார் தோட்டத்துக்குப் போவேன். ஏம்மா?”

தேவிப்பிரியா எங்களிடம் திரும்பி வந்து சொன்னார். அவர் வேலைக்கு வந்து இரண்டரை ஆண்டு, நவநீதன் பதினெட்டு, சென்னப்பன் இருபத்தாறு. ஒருவரும் தங்களை எந்த ஊர் என்று கேட்டதில்லை. தெரியும் என்று நினைத்தோம். மறுபடி அச்சடிக்க நேரம் இருந்தது; நவநீதன் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். “வேண்டாங்க, எழுதியே கொடுத்துரலாம்” என்று தேவிப்பிரியாதான் தடுத்தார்.

முதல் வரியிலும் கடைசிப் பத்தியிலும் சொந்த ஊர் பென்னாகரம் என்று படிக்கவும். தப்பாக எழுதியவன் நான், நவநீதன்.

நானும் பார்க்கவில்லை. சென்னப்பன், பதிவறை.
நானும் பார்க்கவில்லை. பாஞ்சாலி, அலுவலக உதவியாளர்.
நானும் பார்க்கவில்லை. பானுமதி, கணக்குப் பிரிவு.
நானும் பார்க்கவில்லை. பூவிழி, நூலகம்.
நானும் பார்க்கவில்லை. தேவிப்பிரியா.