விளக்கு வேறு, பிரேக் வேறு

அந்த சுவிட்சை மாற்றுவது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை, இன்ஸ்பெக்டர் புவான். ஒரு ஸ்குருடிரைவர், பத்தாம் நம்பர் ஸ்பேனர், அரை மணி நேரம். கை நடுங்காதவர் யாராக இருந்தாலும் செய்துவிடலாம். நான் இரண்டு முறை செய்தேன். இரண்டாம் முறை அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நீங்கள் மலாயில் எழுதிக்கொள்ளுங்கள், நான் தமிழில் சொல்கிறேன். போன மாதம் உங்கள் ஆட்களிடம் மலாயில் சொன்னதில் பாதி பொய். எனக்கு அந்த மொழி சரியாக வராததால் நேர்ந்த தவறு இல்லை அது.

என் பெயர் தேவமலர். வயது ஐம்பத்து நான்கு. தஞ்சோங் கிளிங்கில் வீடு. என் கணவர் தங்கராஜு கிளேபாங்கில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருபத்தாறு வருஷம் மெக்கானிக்காக இருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், ஒரு வேனுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஏழெட்டு வார்த்தைகள் மட்டும் மிஞ்சின. அதில் என் பெயர் ஒன்று. தண்ணீர் வேண்டுமென்றாலும் மலர், முதுகு அரித்தாலும் மலர், டிவியில் வேறு சேனல் வைக்க வேண்டுமென்றாலும் மலர். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் அறுபத்தாறு தடவை. அதற்கு மேல் எண்ணவில்லை.

அவர் நல்ல மனிதர். அதையும் எழுதுங்கள். என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை. படுக்கையில் விழுந்த பிறகும் என்னைத் திட்டியதில்லை. திட்டுவதற்கு அவரிடம் வார்த்தை இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். இருந்திருந்தாலும் திட்டியிருக்க மாட்டார்.

நான் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விட்டேன். எழுபத்தெட்டு கிலோ மனிதரைத் தூக்கி, திருப்பி, துடைத்து, மறுபடி படுக்க வைப்பது இன்னொருவர் இல்லாமல் முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இன்னொருவர் இல்லை. எங்கள் மகள் புனிதா ஜொகூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

"நான் என்னம்மா செய்ய முடியும்? கைப்பிள்ளய வச்சிக்கிட்டு, வேலையும் பாத்துக்கிட்டு… நீங்கதானே பாக்கணும்."

அவள் சொல்வது நியாயம்தான். முதியோர் இல்லம் ஒன்றுக்கும் போய்க் கேட்டேன். எழுந்து நடக்க முடியாதவர்களை எடுப்பதில்லை என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம். நான் பார்த்த எல்லாருமே நியாயமாகத்தான் பேசினார்கள், புவான். யார் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் ஒருவேளை கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிப்ரவரியில் ஒரு நாள், கைகால் பயிற்சிக்காக அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்த் திரும்பும்போது, அவர் கையில் இருந்த பார்லித் தண்ணீர் இரண்டு சீட்டுக்கும் நடுவில் கொட்டிவிட்டது. மறுநாள் காரை எடுத்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்திருந்தால் எரியுமே, அந்த விளக்கு. நான் லீவரைக் கீழே இறக்கித்தான் இருந்தேன். மறுபடி இழுத்து மறுபடி இறக்கினேன். அணையவில்லை.

அவர் பக்கத்து சீட்டில் இருந்தார். விளக்கைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. மூன்று வருஷமாக நான் பார்க்காத முகம். இடது கையால் முன்பக்கம் பானட்டைக் காட்டினார். முதலில் எனக்குப் புரியவில்லை.

"எண்ண… எண்ண" என்றார்.

பிரேக் எண்ணெய். அது குறைந்தாலும் அதே விளக்குதான் எரியுமாம். பானட்டைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் மேல் கோட்டில் நின்றது. வந்து சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, ஹேண்ட் பிரேக் லீவரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் மூடியைத் தட்டிக் காட்டினார். நான்கு ஸ்குரு. கழற்றித் தூக்கினேன். உள்ளே லீவரின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சுவிட்சு, அதற்கு ஒரே ஒரு வயர். சுற்றிலும் பார்லித் தண்ணீர் காய்ந்து பிசுபிசுவென்று கிடந்தது.

"கழ… கழ" என்றார்.

வயரைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது.

அவர் சிரித்தார், புவான். இடது கையால் தொடையில் ஓங்கித் தட்டினார். வயரைப் பிடுங்கியதும் அணைந்தால் சுவிட்சுதான் கெட்டிருக்கிறது. பிடுங்கியும் எரிந்தால் கோளாறு வேறு எங்கோ. இதை அவர் வாயால் சொல்ல முடியவில்லை. வயரைச் சொருகச் சொல்லி, பிடுங்கச் சொல்லி, மூன்று தடவை செய்யவைத்து எனக்குப் புரியவைத்தார். எனக்கு இன்னொன்றும் புரிந்தது. அந்த விளக்குக்கும் பிரேக் பிடிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. விளக்கு வேறு, பிரேக் வேறு. அப்போது அதை வைத்து நான் எதுவும் நினைக்கவில்லை. சத்தியமாக.

சுவிட்சை மஜீது அண்ணன் கடையில் வாங்கினேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். என் கணவருக்கு முப்பது வருஷக் கூட்டாளி, நெருங்கிய சிநேகிதர்.

"இத நீ மாட்ட வேணாம் தங்கச்சி. நோன்பு முடியட்டும், நானே வந்து மாட்டித் தர்றேன்லா" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வீட்டில் இவர் சின்னப்பிள்ளை மாதிரி காத்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே நாங்கள் இரண்டு பேருமாக மாட்டிவிட்டோம். லீவரை இழுத்தால் எரிந்தது, இறக்கினால் அணைந்தது. மஜீது அண்ணனிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். இது நிஜமாகவே மறந்ததுதான்.

பழைய சுவிட்சைத் தூக்கிப் போடவில்லை. மெக்கானிக் வீட்டில் எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் இல்லை.

மார்ச் கடைசியில் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு டாக்டர் அவரைப் பார்த்தார். இளம் வயது, தமிழ்ப் பிள்ளை. ரிப்போர்ட்டை எல்லாம் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா பாத்துக்கிறீங்க ஆன்ட்டி. ஹார்ட்டு சூப்பரா இருக்கு. இப்படியே பாத்துக்கிட்டீங்கன்னா இன்னும் இருபது வருஷம் இருப்பாரு."

நன்றி சொன்னேன். மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது கணக்குப் போட்டேன். இருபது வருஷத்தில் எனக்கு எழுபத்து நான்கு. அவ்வளவுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அவருக்குக் கஞ்சி கொடுத்தேன், துணி மாற்றினேன், காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். எதிலும் குறை வைக்கவில்லை.

அவருக்கும் இந்த வாழ்க்கை வேண்டாம் என்றுதான் இருந்தது. அது எனக்குத் தெரியும். முதல் வருஷம் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போறேன், போறேன்" என்றார். கக்கூஸுக்குப் போக வேண்டுமென்றாலும் அவர் அந்த வார்த்தையைத்தான் சொல்வார். அன்று அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. ஒரு மனைவிக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

ஏப்ரல் மாதம் உம்பாய் கடற்கரைக்கு இரண்டு தடவை தனியாகப் போனேன். பக்கத்து வீட்டு நிர்மலாதேவி ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்திருந்தாள். மீன் வாங்கப் போவதாகச் சொன்னேன், மீனும் வாங்கினேன். அங்கே படகு இறக்குகிற சிமெண்டுச் சரிவு ஒன்று இருக்கிறது. மேலே கிட்டத்தட்ட சமமாக இருக்கும், கொஞ்ச தூரம் போனதும் சட்டென்று இறங்கும். தண்ணீர் எந்த நேரத்தில் மேலே ஏறும் என்று மீன் விற்கிறவரிடம் கேட்டேன். நல்ல மனிதர். அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்கு மேல் நிறைய இருக்கும் என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலை, அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, புது சுவிட்சைக் கழற்றிப் பழையதை மாட்டினேன். இதுதான் அந்தப் புதியது. இந்தப் பையில் இருக்கிறது, பாருங்கள். மஜீது அண்ணன் கடை முத்திரையோடு அப்படியே வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் அவருக்கு நல்ல சட்டை போட்டு, முன் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டேன். காரைக் கிளப்பியதுமே அவர் விளக்கைப் பார்த்துவிட்டார். கையை நீட்டிக் காட்டினார்.

"மலர். சுவி… சுவி."

"ஆமாங்க, மறுபடியும் போயிருச்சு போல. நாளைக்கி மாத்திருவோம்."

தொடையில் தட்டினார். டவுனைத் தாண்டி உம்பாய் போகிற வரைக்கும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். சந்தோஷமாகத்தான் வந்தார், புவான். அவர் கடைசியாகப் போன பயணம் சந்தோஷமான பயணம்.

சரிவின் மேலே, கடலைப் பார்த்து நிறுத்தினேன். கியரை நியூட்ரலில் போட்டேன். அவருக்குப் புழுங்கும் என்று ஏர்கோனுக்காக எஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றியிருந்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுக்கவில்லை. "இளநீர் வாங்கிட்டு வர்றேன், கடல பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கார் அசையாமல்தான் நின்றது. அசையாமலே நின்றிருந்தால் திரும்ப ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வந்திருப்பேனோ என்னவோ. கதவைச் சாத்தும்போது தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கொஞ்சம்தான். மிச்சத்தைச் சரிவு பார்த்துக்கொண்டது.

அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த மூன்று பேர் ஓடிவந்து குதித்தார்கள். கண்ணாடியை உடைத்து அவரை வெளியே எடுப்பதற்குள் நேரமாகிவிட்டது. நான் கத்தினேன். அந்தக் கத்தல் நடிப்பு இல்லை. என் வாய் தானாகத்தான் கத்தியது.

பிறகு உங்கள் ஆட்களிடம், விளக்கு எரிந்ததைப் பார்த்து ஹேண்ட் பிரேக் இழுத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன் என்றேன். சுவிட்சு வாங்கிவைத்தும் மாட்ட நேரம் இல்லை என்றேன். காரைச் சோதித்தவர்கள் சுவிட்சு கெட்டிருக்கிறது என்று எழுதினார்கள். துக்கத்துக்கு வந்த எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

இதோடு முடிந்திருக்கும். பதினாறாம் நாள் காரியத்துக்கு மஜீது அண்ணனும் அவர் மனைவி ஹாஜரா அக்காவும் வந்தார்கள். அண்ணன் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"நான் வந்து மாட்டித் தர்றேன்னு சொன்னேன்ல தங்கச்சி. பெருநாளும் முடிஞ்சிச்சு. வரல. அரை மணி நேர வேலைலா அது."

"விடுங்கண்ணே. நடந்தது நடந்துருச்சு."

"என் கூட்டாளிய நானே தண்ணில தள்ளிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் கடையைத் திறக்கவில்லை. சாப்பிடுவதில்லை, தொழுகைக்குப் போனால் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார் என்று ஹாஜரா அக்கா போனில் அழுதார். நேற்றும் அழுதார். அதனால்தான் வந்தேன். என் மனசு உறுத்தி வரவில்லை. அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று நீங்கள் எழுதி, அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவரைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்பார்.

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் அவரை அவர் விருப்பத்துக்கு விரோதமாக அனுப்பினேன் என்று மட்டும் எழுத வேண்டாம். கார் நகர்ந்தபோது நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கதவின் பிடி அவருடைய நல்ல கைப் பக்கம் இருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. என் சீட்டுப் பக்கம் சாய்ந்து, தலையை மெல்லக் குனிந்துகொண்டார். கோயிலில் கும்பிடுகிற மாதிரி. ஏற்றுக்கொண்டவர்தான் அப்படிக் குனிவார்.

ஆமாம், காரைச் சோதித்த அந்த ரிப்போர்ட்டை எனக்கும் படித்துக் காட்டினார்கள். காரை வெளியே இழுத்தபோது ஹேண்ட் பிரேக் லீவர் இரண்டு பல் மேலே ஏறியிருந்தது என்று போட்டிருக்கிறார்கள். நான்தான் அரைகுறையாக இழுத்துவிட்டு இறங்கியிருக்கிறேன் என்று அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. எங்கள் காருக்கு ஐந்து பல், ஐந்து 'டக்' சத்தம் கேட்கும் வரை, இழுத்தால்தான் பிடிக்கும்.

இல்லை, நான் இழுக்கவில்லை. லீவரைத் தொடவே இல்லை.

அப்படியானால் அவர் குனிந்தது லீவரை எட்டத்தானே என்கிறீர்கள். இடது கையை, பெல்ட்டையும் மீறி, அவ்வளவு தூரம் நீட்டி.

அது பழக்கம்தான், புவான். இருபத்தாறு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். கார் தானாக உருண்டால் கை தானாகப் போகும். அதற்கு வேறு அர்த்தம் எதுவும் இல்லை.