பச்சைக் கோடு போட்ட கூடாரம்

— இந்த மாத்தே டீல சர்க்கரை போட்டது யாரு? எங்க லர்ரால்தே வீட்ல அப்படி ஒரு வழக்கமே இல்ல.

— ஐயா, அது எங்க குடுவை. நாங்க வடக்கே சால்தா ஊர்க்காரங்க, இனிப்பாத்தான் குடிப்போம். நீங்க யாரு, உரிமையா வந்து என் நாற்காலில உக்காந்துட்டீங்க?

— உன் நாற்காலியா? இது எங்க கூடாரம்மா. பச்சைக் கோடு போட்ட துணி. எங்கப்பா காலத்துலேருந்து கோடை வந்தா இது எங்களுக்குத்தான். இந்த மார் டெல் பிளாட்டா கடற்கரையில எவரிஸ்தோ லர்ரால்தேன்னா யாரை வேணா கேளு, சொல்லுவாங்க.

— எனக்கு ஒண்ணும் புரியல. காலையிலதான் வாடகைக்கு எடுத்தோம். தப்பான கூடாரத்துல புகுந்துட்டோமோ? எங்க வீட்டுக்காரர் வேற கடல்ல குளிக்கப் போயிட்டாரு. ஆனா இந்தப் பை என்னுதுதானே. நீங்க கால்ல மாட்டப் பாக்குற செருப்பும் என்னுது.

— இது... உன்னுதா?

— ஆமாங்கய்யா. அந்தப் பக்கம் பாருங்க, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் பச்சைக் கோடுதான்.

— போன வருஷம் எங்க பக்கம் மட்டும்தான் பச்சை. இதெல்லாம் நீலமா இருந்துது. எவன் மாத்தினான்? காலை நனைச்சுட்டு வரலாம்னு இறங்கினேன், அப்படியே தண்ணியோரமா நடந்தேன், பச்சையைப் பாத்து ஏறினேன். அவ்வளவுதான்.

— அப்போ வழி தவறிட்டீங்க.

— நானாவது, வழி தவறுறதாவது. இந்த மண்ணுல தவழ்ந்தவன் நான்.

— சரி, இருங்க. மேடையில நிக்குற கரைக் காவல்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேன்.

— உக்காரும்மா. அவன் காதுல விழுந்தா வெள்ளைக் கொடி ஏத்திடுவான்.

— அது என்ன கொடி?

— குழந்தை தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம். லர்ரால்தே வீட்டுக் கிழவன் பச்சைப் புள்ளையாட்டம் தொலைஞ்சான்னு நாளைக்கு ஒவ்வொரு கூடாரத்துலயும் சிரிப்பாங்க. அந்த அவமானம் எங்க குடும்பத்துக்கு வேண்டாம்.

— அப்ப என்னதான் பண்றதாம்?

— கொஞ்சம் உக்காந்தா எல்லாம் தெளிஞ்சுடும். நீ ஊருக்குப் புதுசு, நாலு விஷயம் சொல்றேன் கேட்டுக்கோ. காத்து குளிருதேன்னு ஏமாறாதே, வெயில் தோலை உரிச்சுடும். கடலைப் பாத்தாப்ல இருக்குற கடையில மீன் சாப்பிடாதே, உள்ள தெருவுக்குப் போ. சிவப்புக் கொடி பறந்தா கணுக்காலைக்கூட நனைக்காதே.

— இப்ப பறக்குறது மஞ்சளும் கறுப்பும்.

— ஜாக்கிரதையா இறங்கலாம். அப்புறம், துறைமுகத்துல கடற்சிங்கம் படுத்துக் கிடக்கும். படம் எடுக்குறேன்னு கிட்டப் போனே, அது கடிக்குறதுக்கு முன்னாடி நாத்தத்துலயே மயங்கி விழுந்துடுவே.

— ஐயா, குழந்தை தொலைஞ்சா கொடி மட்டும்தானா?

— கண்டெடுத்தவங்க அதைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுக் கை தட்டணும். சுத்தி இருக்குறவங்களும் தட்டுவாங்க. சத்தம் வர்ற பக்கமா ஆத்தா ஓடி வருவா. இந்தக் கரையில அதுதான் முறை.

— அப்படிப் பாத்தா உங்களைக் கண்டெடுத்தது நானு. நான் தட்டணும்.

— தட்டித்தான் பாரேன்.

— தோள்லதான் தூக்க முடியாது.

— வாய்த்துடுக்கு. உன் புருஷன் ஏன் இன்னும் தண்ணியை விட்டு வரலன்னு இப்பத்தான் தெரியுது.

— ஐயா, மஞ்சள் கொடிக்குப் பக்கத்துல என்னமோ ஏத்துறாங்க. வெள்ளையா இருக்கு.

— எவனோ பொறுப்பில்லாம புள்ளையைத் தொலைச்சிருப்பான். நல்ல குடும்பத்துல இதெல்லாம் நடக்குமா?

— புள்ளையத் தேடுற மாதிரி தெரியலியே. நீலச் சட்டை போட்ட அம்மா ஒருத்தங்க ஓடி வர்றாங்க. கையில ஆம்பளச் செருப்பு ஒரு ஜோடி.

— எங்க, நகரு. ...மிர்த்தா. என் மக.

— கூடாரத்துப் பக்கம் திரும்பவே இல்லியே. கடலையே பாக்குறாங்க.

— செருப்பை அலையோரத்துல விட்டுட்டு வந்துட்டேன்.

— கூப்பிடட்டுமா?

— இந்தக் காத்துல கேக்காது.

— ஐயா, துணியோட தண்ணிக்குள்ள இறங்குறாங்க.

— தட்டு.

— என்னது?

— கை தட்டும்மா. எழுந்து நின்னு பலமாத் தட்டு. ஏம்ப்பா, பக்கத்துக் கூடாரத்துக்காரங்களே, நீங்களும் தட்டுங்க. நிறுத்தாதீங்க. திரும்பிட்டா. இந்தப் பக்கமா வர்றா.

— அப்பா. செருப்பு மட்டும் கிடந்துதேப்பா. நான் என்னத்த நினைக்கிறது?

— மூச்சு விடு மிர்த்தா. எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்.

— அப்போ இத்தனை பேரும் யாருக்குத் தட்டுறாங்க? குழந்தை எங்க?

— இதோ, இவதான். சால்தாக்காரி. உன் பேரு என்னம்மா?

— நோயெலியா.

— நோயெலியா. ஊருக்குப் புதுசு, கூடாரம் எதுன்னு தெரியாம திகைச்சுப் போய் நின்னா. நான்தான் கண்டெடுத்தேன்.

— ஆமாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. ஐயா மட்டும் வரலேன்னா தவிச்சுப் போயிருப்பேன்.

— கேட்டியா? நம்ம கூடாரத்துல ஒரு மாத்தே குடிச்சுட்டு வரட்டும். சர்க்கரை போட்டே குடு. நீ முன்னால நட மிர்த்தா. இவளுக்கு வழி தெரியாது.