பழுதில்லாத டேப்

இந்தக் காலத்தில் டேப்பெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காத ஆளே கிடையாது, மேடம். என் மகள் தர்ஷினியைக் கட்டிய மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்றைக்கே கேட்டார். பாட்டு கேட்கிற கேசட் என்று நினைத்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டுக் கேசரித் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அது கேசட் இல்லை, கேட்ரிட்ஜ். உள்ளங்கையில் அடங்கும். உள்ளே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு டேப் சுற்றியிருக்கும். பெரிய கம்பெனிகளின் மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் கடைசியில் அதில்தான் இறக்கி வைப்பார்கள். எழுதும்போதே டிரைவ் அதைப் பூட்டி எழுதும். சாவி தனியாக இன்னொரு பெட்டியில் இருக்கும், அதுவும் வெறும் எண்கள்தான். சாவி இல்லாமல் கேட்ரிட்ஜை யார் தூக்கிக்கொண்டு போனாலும் ஒரு எழுத்தைக் கூடப் படிக்க முடியாது.

வல்லம் ரோட்டில் இருக்கும் எங்கள் டேட்டா சென்டரில் பதினாலு வருஷமாக டேப் அறை என் பொறுப்பு. சபரிநாதன் என்று கேட்டால் தெரியாது, டேப் சார் என்றால் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை முழு பேக்கப் எடுப்போம். ஐம்பத்தைந்து முறை எடுத்திருக்கிறேன். ஒரு முறை கூட நடுவில் நின்றதில்லை. சென்னை ஆபீஸில் இரண்டு முறை நின்றிருக்கிறது, ஹைதராபாத்தில் கணக்கே இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்களிடம் இருந்த வேலைகளில் ஒன்று மீன்பிடி படகுகளுடையது. நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையில் இருக்கும் படகுகளில் ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருப்பார்கள். அதில் சிவப்புப் பட்டன் இருக்கும். கடலில் ஆபத்து என்றால் அமுக்க வேண்டும். செய்தி முதலில் எங்கள் மெயின்ஃபிரேமுக்கு வந்து, அங்கிருந்து கரையில் இருக்கும் கன்ட்ரோல் ரூமுக்குப் போகும். எல்லாம் ஒரு நொடியில் நடக்கும்.

முழு பேக்கப் ஓடும்போது மட்டும் அப்படி நடக்காது. அந்த நேரத்தில் வருகிற செய்திகள் எங்களிடமே தேங்கி நிற்கும், பேக்கப் முடிந்ததும்தான் போகும். அதனால் ஒருவர் திரை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். சிவப்புச் செய்தி வந்தால் பேக்கப்பை நிறுத்திவிட்டுச் செய்தியை அனுப்பிவிட வேண்டும். சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டியதும் நான்தான்.

போன ஆயுத பூஜை அன்றைக்கு அந்த முழு பேக்கப் வந்தது. விடுமுறை நாளில் வேலை குறைவாக இருக்கும் என்று நாங்களே பார்த்து வைத்த நாள். காலையில் பூஜை போட்டோம். என்னோடு வேலை பார்க்கும் பிரதீபா எல்லாம் செய்தாள். நல்ல பெண், கொஞ்சம் பக்தி ஜாஸ்தி. ஸ்க்ரூ டிரைவரிலிருந்து ஏசி ரிமோட் வரைக்கும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிப் பொட்டு வைத்தாள். பேக்கப்புக்கு எடுத்து வைத்திருந்த பன்னிரண்டு கேட்ரிட்ஜுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. பூஜை முடிந்ததும் ஒவ்வொன்றையும் எடுத்து, நூல் பிரியாத துணியால் துடைத்தேன். அவள் பக்கத்தில் நின்று, "சார், சாமி கோச்சுக்கப் போவுது" என்று சிரித்தாள். சாமி கோபித்துக்கொண்டால் சமாளிக்கலாம், டிரைவ் கோபித்துக்கொண்டால் முடியாது என்றேன்.

இன்னொன்றும் படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள், அவளுடைய கார்டு. சாவிப் பெட்டியைத் திறக்க இரண்டு கார்டு வேண்டும். ஒன்று என்னிடம், ஒன்று அவளிடம். பாங்க் லாக்கர் மாதிரிதான். தொழிலுக்கு உரிய பொருள் என்று அதற்கும் ஒரு சாமந்திப் பூ வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுப்பாள், அதுவரை தொட மாட்டாள். அந்தப் பேக்கப்புக்கான புதுச் சாவியைக் காலையிலேயே இருவருமாக உருவாக்கியிருந்தோம். சாவியின் நகல் சென்னைக்கு மறுநாள் போகும். அவள் பொரியும் சுண்டலும் கட்டிக்கொண்டு பதினொன்றரைக்கு வீட்டுக்குப் புறப்பட்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் பேக்கப்பை ஆரம்பித்தேன். இரண்டேகாலுக்கு முதல் சிவப்புச் செய்தி வந்தது.

நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த மாதம் மட்டும் பதினாறு சிவப்புச் செய்தி வந்திருந்தது. பதினைந்து பொய். பட்டன் மேல் வலையைக் குவித்து வைப்பார்கள், அமுங்கிவிடும். கரையில் நிற்கும் படகில் பிள்ளைகள் ஏறி விளையாடும், அமுங்கிவிடும். ஆயுத பூஜையும் அதுவுமாக யார் கடலில் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். படகைக் கழுவி மாலை போடும்போது பட்டனில் கை பட்டிருக்கும். பேக்கப் பாதிக்கு மேல் வந்திருந்தது. நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்த நேரம் ஆறு மணி வரைதான், அதற்குள் முடியாது. அந்த மூன்று மாதத்துப் பேக்கப் இல்லாமலே போய்விடும். இது நியாயமான யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டு முப்பத்தொன்றுக்கு அதே படகிலிருந்து இரண்டாவது செய்தி வந்தது. பூஜை இன்னும் நடக்கிறது போல என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். செய்தியோடு படகு நிற்கும் இடமும் வரும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு முறை கிளிக் செய்ய வேண்டும். நான் செய்யவில்லை.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு மூன்றாவது வந்தது. வலை மூன்று முறை அமுக்காது, மேடம். அது எனக்குத் தெரியும். அப்போது கிளிக் செய்து பார்த்தேன். கரையிலிருந்து பதினோரு கடல் மைல். பேக்கப் முடிய எழுபத்தொரு நிமிஷம் இருந்தது.

டிரைவ் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே சீராக இருக்கும் அந்தச் சத்தம், கேட்டால் மனசு அடங்கும். நாலாவது செய்தி வருமோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

கன்ட்ரோல் ரூமுக்குப் போன் பண்ணியிருக்கலாமே என்று கேட்டீர்கள். போன் மேஜை மேல்தான் இருந்தது. பண்ணியிருந்தால், முதல் செய்தி எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்பார்கள். இரண்டேகால் என்றால், இத்தனை நேரம் என்ன செய்தீர்கள் என்பார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

நாலு மணி மூன்று நிமிஷத்துக்குப் பேக்கப் முடிந்தது. பன்னிரண்டு கேட்ரிட்ஜும் சுத்தமாக எழுதப்பட்டிருந்தன. தேங்கியிருந்த செய்திகள் கன்ட்ரோல் ரூமுக்குப் போயின, போய்ச் சேர்ந்த நேரத்தைத்தான் அங்கே குறித்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருந்த படகு ஒன்று நாற்பத்தைந்து நிமிஷத்தில் அந்த இடத்துக்குப் போய்விட்டது.

அது செல்லத்துரை என்பவருடைய ஃபைபர் படகு. முதல் நாளே போனவர்கள், பூஜைக்குக் கரைக்கு வந்துவிடலாம் என்று திரும்பிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் நின்றுபோய், தண்ணீர் ஏறி, மூன்று மணிக்குக் கவிழ்ந்துவிட்டது. மூன்று பேர். செல்லத்துரையின் மச்சான் ராஜராஜன் மட்டும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்தான். செல்லத்துரையும் அவருடைய தம்பியும் மூன்றரை வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். முதல் செய்தி உடனே போயிருந்தால் மூன்று மணிக்கு ஆள் போய்ச் சேர்ந்திருக்கும். கணக்கு எனக்கும் வரும்.

ஐந்து மணிக்குக் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஜெக்கரியா பேசினார். "பொழைச்சு வந்தவன் ரெண்டேகாலுக்கே அமுக்குனேங்கிறான். எங்களுக்கு நாலு மணிக்குத்தான் வந்துச்சு. அங்க என்னன்னு பாருங்க சார்" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பேக்கப் நல்லபடியாக முடிந்ததும் மெயின்ஃபிரேமில் பழைய குறிப்புகள் தானே அழிந்துவிடும். அந்த மூன்று நேரமும் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது, ஒன்பதாம் நம்பர் கேட்ரிட்ஜில். பூஜை அலமாரிக்குப் போனேன். பிரதீபாவின் கார்டு மேல் இருந்த சாமந்தியை எடுத்துத் தனியே வைத்தேன். இரண்டு கார்டையும் போட்டு, காலையில் உருவாக்கிய சாவியை அழித்தேன். கார்டை முன்பு இருந்த மாதிரியே வைத்து, பூவையும் அதே பக்கமாக வைத்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் குறுவை அறுப்பு முடிந்து வைக்கோல் லாரிகள். ரோட்டில் ஒதுங்க இடமில்லை.

பதினைந்து நாள் கழித்துச் செல்லத்துரையின் மனைவி எல்லையம்மாள், பஸ் ஏறி என்னைத் தேடி வந்தார். கூடவே ராஜராஜன், அவருடைய கூடப்பிறந்த தம்பி. இருவரும் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை. ஊரில், விழித்திருக்க வேண்டிய தன் முறையில் அவன் தூங்கிவிட்டான், படகு கவிழ்கிற நேரத்தில்தான் பட்டனைத் தேடியிருக்கிறான் என்று பேச்சாம். எந்தப் படகிலும் அவனை ஏற்றுவதில்லையாம். அக்காவும் அதை நம்பியிருந்தார்.

"மூணு தடவ அமுக்குனேன் சார். மாமாதான் மணி பாத்து, அமுக்குடா அமுக்குடான்னாரு" என்றான் ராஜராஜன்.

எல்லையம்மாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவுங்க. இவன் எத்தன மணிக்கு அமுக்குனான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல" என்றார்.

"அந்த டேப்பப் படிக்க முடியலம்மா" என்றேன். அது பொய் இல்லை. இருவருக்கும் டீ வரவழைத்துக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. அவன் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு கம்பெனி விசாரணை வந்தது. வந்த இருவருக்கும் டேப் பற்றி ஒன்றும் தெரியாது. டிரைவ் ஒரு எண்ணைக் காட்டும், சாவி இல்லை என்று அதற்குப் பொருள். எண்ணுக்கு என்ன பொருள் என்று என்னையே கேட்டார்கள். படிக்க முடியவில்லை என்று பொருள் என்றேன். ஏன் படிக்க முடியவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை. கேமரா பதிவில் பிரதீபா கேட்ரிட்ஜுகளுக்குப் பொட்டு வைப்பதைப் பார்த்துவிட்டார்கள். விடுமுறை என்று டேப் அறைக் கேமரா பூஜை முடிந்ததோடு நின்றிருந்தது. குங்குமம் உள்ளே போய் டேப் கெட்டுவிட்டது என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள்.

பிரதீபாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். "நீங்க தொடச்சீங்கல்ல சார், நான் பக்கத்துலதான நின்னேன். அத மட்டும் சொல்லுங்க சார்" என்று என்னிடம் அழுதாள். பார்க்கலாம் என்றேன். அவளுக்காகப் பாவப்பட்டேன், நிஜமாகவே. வேறு இடத்தில் வேலைக்குச் சொல்லியிருக்கிறேன்.

அதோடு முடிந்திருக்கும். போன வாரம் அந்த அறிக்கை எல்லாக் கிளைகளுக்கும் போயிற்று. தஞ்சாவூர் கிளையில் டேப் பராமரிப்பு சரியில்லை, தூசும் குங்குமமும் புகுந்து கேட்ரிட்ஜ் பழுதாகியிருக்கிறது, மற்றவர்கள் இதைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஹைதராபாத்திலிருந்து ஒருவன் போன் பண்ணி, என்ன டேப் சார், பொட்டு வெச்சே கொன்னுட்டீங்களாமே என்று சிரித்தான். நாலு நாள் எனக்குத் தூக்கமில்லை. ஐந்தாம் நாள் காலையில் நானாகவே உங்கள் ஸ்டேஷன் படியேறினேன்.

ராஜராஜனுக்காக வந்தீர்களா என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். எல்லையம்மாளை வரவழைத்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு பதினைந்து, இரண்டு முப்பத்தொன்று, இரண்டு ஐம்பத்திரண்டு. அவர் தம்பி ராஜராஜன் தூங்கவில்லை. மூன்றையும் நான் பார்த்தேன். மூன்றாவதைப் பார்த்தபோது ஆட்கள் சாகப்போகிறார்கள் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். சாவியை அழித்ததும் நான்தான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், மேடம். பன்னிரண்டு கேட்ரிட்ஜையும் நானே துடைத்துத்தான் போட்டேன். உள்ளே ஒரு துளி குங்குமம் கூடப் போகவில்லை. அந்த டேப்பில் ஒரு குறையும் கிடையாது.